கல்விச் சீர்திருத்தக் குழுவுக்குப் பணம் கொடுப்பது யார்? அமெரிக்கப் பதிவேடுகளில் தடம் பிடிக்கும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பெற்றோர், மாணவர், குடும்பம் என்ற சொற்களைப் பெயரில் வைத்திருக்கும் ஓர் அமைப்பு, சார்ட்டர் பள்ளிகளை (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளிகள்) கூட்ட வேண்டும் என்றோ, வவுச்சர் (தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசு தரும் பணம்) கொடுக்க வேண்டும் என்றோ, ஆசிரியர் மதிப்பீட்டை மாற்ற வேண்டும் என்றோ பிரசாரம் செய்கிறது. அந்தச் செலவை ஏற்பவர் யார் என்பதைப் பெரும்பாலும் பொதுப் பதிவேடுகளிலிருந்தே சொல்லிவிடலாம். ஆனால் அது ஒரே இடத்தில் கிடைக்காது. வருமான வரித்துறை, நாடாளுமன்றம், மாநிலத் தேர்தல் நிதி அலுவலகம், தொழிலாளர் துறை என்று நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் அமைப்பின் சொந்தப் படிவம் 990ஐ, அதாவது வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் வருமான வரித்துறைக்கு ஆண்டுதோறும் தரும் கணக்கைத் திறக்கிறார்கள். அதில் நன்கொடையாளர் பெயர் இருக்காது. "மறைத்துவிட்டார்கள்" என்று முடிவு கட்டி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பணம் வாங்கும் அமைப்பு, கொடுத்தவர் பெயரைக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் கொடுப்பவர் ஓர் அறக்கட்டளையாக இருந்தால், யாருக்கு எவ்வளவு என்று எழுதியே ஆக வேண்டும். கீழே உள்ள வரிசை இந்த ஒரு விதியின் மேல் கட்டப்பட்டது. அங்கே வாழும் தமிழ்ப் பெற்றோர், செய்தியாளர், ஆய்வு மாணவர் எவரும் காசு செலவில்லாமல் இதைச் செய்யலாம்.

தொடங்கும் முன்

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். "இந்த அமைப்பின் பின்னணி என்ன" என்பது கேள்வியே ஆகாது. "2014 முதல் 2018 வரை இந்த அமைப்புக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்த அறக்கட்டளைகள் எவை" என்பது கேள்வி. ஆண்டும் தொகையும் வரையறுக்காமல் தொடங்கினால், நூறு படிவங்களைப் படித்த பின்பும் எங்கே நிறுத்துவது என்று தெரியாது.

ஒரு விரிதாள் வேண்டும். கொடுத்தவர், வாங்கியவர், இருவரின் வரி அடையாள எண், தொகை, நிதியாண்டு முடியும் தேதி, படிவத்தில் எழுதப்பட்ட நோக்கம், படிவத்தின் பெயர், பக்க எண் ஆகியவற்றுக்குத் தனித்தனி நெடுவரிசை போடுங்கள். கடைசியில் இன்னொன்று: "நேரடிச் சான்று" அல்லது "ஊகம்". இந்தக் கடைசி நெடுவரிசையை ஆரம்பத்திலேயே நிரப்பி வராதவர்கள், எழுத உட்காரும்போது எது ஆவணம், எது தாங்களே நினைத்துக்கொண்டது என்று பிரிக்க முடியாமல் தவிக்கிறார்கள்.

தேடும் இடங்கள்: வருமான வரித்துறையின் வரிவிலக்கு அமைப்புத் தேடல் பக்கம், புரோபப்ளிகா செய்தி நிறுவனத்தின் நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர் (990 படிவங்களைத் தேடும் தளம்), கேண்டிட் (அறநிலையங்கள் பற்றிய தகவல் தளம்), நாடாளுமன்ற லாபி பதிவேடு (லாபி என்றால் சட்டமியற்றுவோரிடம் ஆதரவு திரட்டுவது), ஓப்பன்சீக்ரட்ஸ் (அரசியல் பணம் பற்றிய தரவுத் தளம்), சம்பந்தப்பட்ட மாநிலத்தின் தேர்தல் நிதிப் பதிவேடு.

1. பெயரை விட்டு எண்ணைப் பிடியுங்கள்

ஒவ்வொரு அமைப்புக்கும் ஒன்பது இலக்க வரி அடையாள எண் உண்டு, சுருக்கமாக இ.ஐ.என். என்பார்கள். பெயர் மாறும், எண் மாறாது. அதனால் முதல் வேலை இந்த எண்ணைக் கண்டுபிடிப்பதுதான்.

துண்டறிக்கையில் இருக்கும் பெயர் பல நேரம் பிரசாரப் பெயர் மட்டுமே. சட்டப்படியான பெயர் வேறாக இருக்கும். இணையதளத்தின் அடிப்பகுதி, நன்கொடைப் பக்கத்தின் ரசீது வாசகம், தனியுரிமைக் கொள்கை ஆகிய மூன்று இடங்களில் சட்டப் பெயரும் எண்ணும் ஒளிந்திருக்கும். அங்கும் இல்லையென்றால் மாநிலச் செயலர் அலுவலகத்தின் நிறுவனப் பதிவைப் பாருங்கள்.

இங்கே நடக்கும் பிழை, ஒரே மாதிரி பெயருள்ள இரண்டு அமைப்புகளை ஒன்றாக எண்ணிவிடுவது. தேசிய அமைப்பும் அதன் மாநிலக் கிளையும் தனித்தனி எண் வைத்திருக்கலாம். ஒரே எண்ணின் கீழும் இயங்கலாம். பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

2. குடும்பம் முழுவதையும் வரையுங்கள்

ஓரளவு பெரிய சீர்திருத்த அமைப்பு எதுவும் தனியாக நிற்பதில்லை. வழக்கமாக மூன்று உடல்கள் இருக்கும். அவற்றில் இரண்டின் பெயர் வரிச் சட்டப் பிரிவின் எண். 501(சி)(3) என்பது வரிவிலக்கு பெற்ற அறநிலையம். இதற்குக் கொடுப்பவர் வரிக் கழிவு பெறலாம், ஆனால் இது எந்த வேட்பாளரையும் ஆதரிக்கக் கூடாது. 501(சி)(4) என்பது சமூக நல அமைப்பு. இது லாபி செய்யலாம், தேர்தலிலும் ஓரளவு இறங்கலாம், நன்கொடையாளர் பெயரை வெளியிட வேண்டியதில்லை. மூன்றாவது அரசியல் செயற்குழு. இது குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுத்தவர் பெயரை வெளியிட வேண்டும். எஜுகேஷன் ரிஃபார்ம் நௌ, அதன் 'அட்வகசி' கிளை, டெமாக்ரட்ஸ் ஃபார் எஜுகேஷன் ரிஃபார்ம் ஆகியவை இந்த அமைப்புமுறைக்குப் பழக்கமான எடுத்துக்காட்டு.

ஆண்டுப் படிவம் 990ஐத் திறந்து நேராக ஷெட்யூல் ஆர் என்ற இணைப்புப் பக்கத்துக்குப் போங்கள். உறவு அமைப்புகளின் பெயரும் எண்ணும் அங்கே இருக்கும். பிறகு பகுதி 7ல் இயக்குநர்கள், அதிகச் சம்பளம் பெறுவோர், ஒரு லட்சம் டாலருக்கு மேல் பெற்ற ஒப்பந்ததாரர்கள் ஆகியோரின் பட்டியல். அதே இயக்குநர்கள், அதே முகவரி, அதே விளம்பர நிறுவனம் இன்னோர் அமைப்பிலும் தென்பட்டால், ஷெட்யூல் ஆர் சொல்லாத உறவு அங்கே இருக்கலாம். "இருக்கலாம்" என்றே விரிதாளில் எழுதுங்கள். பொது முகவரி என்பது ஒரே வழக்கறிஞர் அலுவலகத்தைப் பயன்படுத்துவதாகவும் இருக்கக்கூடும்.

குடும்பப் படத்தை முதலில் வரையச் சொல்வதற்குக் காரணம் இரட்டைக் கணக்கு. அறநிலையம் தன் (சி)(4) தங்கைக்கு 20 லட்சம் டாலர் கொடுத்தால், அது இரண்டின் வருமானத்திலும் ஏறும். இரண்டையும் கூட்டி "மொத்த வருமானம்" என்று எழுதினால் 20 லட்சம் கற்பனைப் பணம் சேர்ந்துவிடும்.

3. கொடுப்பவர் பக்கமிருந்து படியுங்கள்

வேலையின் பாதி நேரத்தை இங்கே செலவிடுங்கள்.

தனியார் அறக்கட்டளைகள், அதாவது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் அல்லது கம்பெனியின் பணத்தில் நடப்பவை, படிவம் 990-பி.எஃப். தாக்கல் செய்கின்றன. வால்டன் குடும்ப அறக்கட்டளை (வால்மார்ட் நிறுவனரின் குடும்பம்), கேட்ஸ் அறக்கட்டளை, பிராட் அறக்கட்டளை எல்லாம் இந்த வகை. ஒவ்வொரு மானியத்தையும் வாங்கியவர் பெயர், தொகை, நோக்கம் ஆகியவற்றோடு எழுத வேண்டும் என்பது விதி. பட்டியல் படிவத்தின் இறுதிப் பகுதியில், பெரிய அறக்கட்டளைகளில் நூற்றுக்கணக்கான பக்க இணைப்பாக இருக்கும். அறக்கட்டளைகளே தளத்தில் மானியத் தேடல் வைத்திருக்கின்றன. அது வசதிதான், ஆனால் சான்றாகப் படிவத்தையே வையுங்கள்.

பட்டியலில் இரண்டு பிரிவுகள் உண்டு: அந்த ஆண்டு கொடுத்து முடித்தவை, எதிர்காலத்தில் கொடுக்க ஒப்புக்கொண்டவை. இரண்டையும் கூட்டக் கூடாது. மூன்று ஆண்டுகளுக்கு ஒப்புக்கொண்ட 30 லட்சம் டாலர் முதலாண்டில் ஒப்புதலாகவும், பின்னர் ஆண்டுதோறும் பத்துப் பத்து லட்சமாகக் கொடுத்ததாகவும் வரும். கவனிக்காதவர் கணக்கில் அது 60 லட்சமாகிவிடும். "கொடுத்தவை" பிரிவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறக்கட்டளை அல்லாத பொது அறநிலையங்களும் மானியம் தரும். அவை 990ன் ஷெட்யூல் ஐ பக்கத்தில் 5,000 டாலருக்கு மேல் கொடுத்த அமைப்புகளைப் பட்டியலிட வேண்டும். ஆக, உங்கள் அமைப்பின் இ.ஐ.என். எண்ணைப் பிறருடைய படிவங்களின் முழு உரைக்குள் தேடுங்கள். மின்தாக்கல் 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அநேகமாக எல்லோருக்கும் கட்டாயமானதால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் இந்தத் தேடல் நன்றாக வேலை செய்யும். அதற்கு முந்தைய பல படிவங்கள் காகிதத்தைப் படமெடுத்தவை. அவற்றைக் கண்ணால்தான் படிக்க வேண்டும்.

இப்போது வாங்குபவரின் படிவத்துக்குத் திரும்புங்கள். அங்கே மூன்று துப்புகள் கிடைக்கும்.

முதலாவது ஷெட்யூல் பி என்ற நன்கொடையாளர் பட்டியல். பொது அறநிலையங்கள் மக்களுக்குக் காட்டும் நகலில் நன்கொடையாளர் பெயர் மறைக்கப்பட்டிருக்கும். சில நகல்களில் தொகை மட்டும் தெரியும். 12,50,000 டாலர் என்ற ஒரு வரியும், அதே காலத்தில் ஓர் அறக்கட்டளையின் பட்டியலில் அதே தொகையும் இருந்தால் வலுவான பொருத்தம். ஆனாலும் நிதியாண்டுத் தேதிகளைச் சரிபாருங்கள். ஒருவரின் ஆண்டு டிசம்பரில் முடியும், இன்னொருவருடையது ஜூனில் முடியும்.

இரண்டாவது ஷெட்யூல் ஏ. பொதுமக்களிடமிருந்து போதிய ஆதரவு இருக்கிறதா என்று காட்டும் ஐந்தாண்டுக் கணக்கு இது. மொத்த ஆதரவில் 2 சதவீதத்துக்கு மேல் கொடுத்தவர்களின் உபரித் தொகையைத் தனி வரியில் கழித்துக் காட்ட வேண்டும். அந்த வரி மொத்தத்தோடு ஒப்பிடப் பெரிதாக இருந்தால், சில பெரிய கைகளை நம்பியே அமைப்பு நிற்கிறது. "அடித்தட்டு இயக்கம்" என்று சொல்லிக்கொள்ளும் அமைப்பைப் பற்றி எழுதும்போது இந்த ஒரு வரி மிக மதிப்புள்ளது. பலரும் இதைத் திறப்பதே இல்லை.

மூன்றாவது, தணிக்கை செய்யப்பட்ட நிதியறிக்கை. பல மாநிலங்களில் அறநிலையப் பதிவோடு இதையும் தர வேண்டும். "இரண்டு நன்கொடையாளர்கள் மொத்த வரவில் இத்தனை சதவீதம்" என்ற குறிப்பு அதன் பின்பக்கங்களில் வரும்.

படிவம் இணையத்தில் கிடைக்கவில்லையா? அமைப்பிடமே கேளுங்கள். கடைசி மூன்று ஆண்டுப் படிவங்களை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். எழுத்தில் கேட்டால் 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும்.

4. தடம் அறுபடும் இடங்களை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்

நன்கொடையாளர் வழிகாட்டும் நிதி முதல் தடை. ஒருவர் ஃபிடிலிட்டி சேரிட்டபிள் அல்லது டோனர்ஸ் டிரஸ்ட் போன்ற அமைப்பில் கணக்கு வைத்துப் பணம் போடுவார். எங்கே அனுப்புவது என்று பரிந்துரைப்பார். வாங்கியவர் யார் என்பது அந்த அமைப்பின் ஷெட்யூல் ஐ பக்கத்தில் தெரியும். முதலில் போட்டவர் யார் என்று தெரியாது. "ஃபிடிலிட்டி நிறுவனம் பணம் கொடுத்தது" என்று எழுதுவது இங்கே நடக்கும் பெரும் தவறு.

இரண்டாவது, தாங்கும் அமைப்பு. நியூ வென்ச்சர் ஃபண்ட் போன்ற ஓர் அறநிலையத்தின் உள்ளே ஒரு திட்டமாக இயங்கும் குழுவுக்குத் தனி 990 இருக்காது. அறக்கட்டளையின் பட்டியலில் வாங்கியவர் பெயராகத் தாங்கும் அமைப்பு வரும். நோக்கம் எழுதும் இடத்தில்தான் திட்டத்தின் பெயர் வரும். ஆகவே திட்டப் பெயரை நோக்க நெடுவரிசையிலும் தேடுங்கள்.

மூன்றாவது, வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம் (எல்.எல்.சி.). சான் ஜக்கர்பெர்க் இனிஷியேட்டிவ், எமர்சன் கலெக்டிவ், ஆர்னால்ட் வென்ச்சர்ஸ் ஆகியவை இந்த வடிவில் இயங்குபவை. அறக்கட்டளை அல்லாததால் 990-பி.எஃப். கிடையாது, அரசியலுக்கும் செலவிடலாம், தனியார் கம்பெனியில் முதலீடும் செய்யலாம். அவர்களே விரும்பி வெளியிடும் மானியப் பட்டியலும், அவர்களோடு இணைந்த அறக்கட்டளைகளின் படிவமும் மட்டும்தான் கைக்கு வரும். அந்தப் பட்டியல் முழுமையானது என்று கொள்ள எந்த ஆதாரமும் இல்லை.

நான்காவது (சி)(4). 2020 முதல் இவை நன்கொடையாளர் பெயரை வருமான வரித்துறைக்கே கொடுக்க வேண்டியதில்லை. இங்கே தடம் உண்மையிலேயே நின்றுவிடும். நின்ற இடத்தில் "இதற்கு மேல் தெரியவில்லை" என்று எழுதுங்கள்.

5. லாபிச் செலவைச் சரியான அளவுகோலால் அளவிடுங்கள்

ஷெட்யூல் சி பக்கத்தில் லாபிச் செலவு இருக்கும். ஆனால் வரிச் சட்டத்தில் 'லாபி' என்ற சொல்லின் எல்லை குறுகியது. குறிப்பிட்ட ஒரு சட்டமுன்வரைவு பற்றி, ஆதரவாகவோ எதிராகவோ, சட்டமியற்றுவோரிடம் பேசுவது நேரடி லாபி. மக்களைத் தூண்டிவிட்டு அவர்கள் மூலம் பேசவைப்பது அடித்தட்டு லாபி. மாநிலக் கல்வித் துறையின் விதிமுறையை மாற்றச் சொல்வது இதில் சேராது. பள்ளி வாரியங்கள் சட்டமியற்றும் அவை அல்ல என்பதால், பள்ளி வாரியத்தை வற்புறுத்துவதும் சேராது. அதனால் ஷெட்யூல் சி பக்கத்தில் பூஜ்யம் இருப்பதை வைத்து "லாபி செய்யவில்லை" என்று எழுத முடியாது.

மறுபக்கம், வாக்கெடுப்புக் கேள்வி ஒன்றுக்காகப் பிரசாரம் செய்வது நேரடி லாபி ஆகும். அங்கே வாக்காளர்களே சட்டமியற்றுபவர்கள். இதனால்தான் வேட்பாளரைத் தொடக் கூடாத அறநிலையம்கூட வாக்கெடுப்பில் பணம் செலவழிக்க முடிகிறது.

அறநிலையங்களின் லாபிச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு. 501(எச்) என்ற செலவுக் கணக்கு முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு: முதல் 5 லட்சம் டாலர் செலவில் 20 சதவீதம், அடுத்த 5 லட்சத்தில் 15, அதற்கடுத்த 5 லட்சத்தில் 10, மீதியில் 5 சதவீதம்; மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஆண்டுக்கு 20 லட்சம் டாலர் செலவிடும் அமைப்பு என்றால் 1,00,000 + 75,000 + 50,000 + 25,000, ஆக 2,50,000 டாலர். அடித்தட்டு லாபிக்கு அதில் கால்பங்கு, 62,500 டாலர். இந்தக் கணக்கை நீங்களே போட்டு, படிவத்தில் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். வரம்பை ஒட்டியே தொகை நிற்கும் அமைப்பு பெரும்பாலும் மீதி வேலையை (சி)(4) தங்கையிடம் தள்ளியிருக்கும்.

தனியார் அறக்கட்டளை லாபி செய்யக் கூடாது, லாபிக்கென்று ஒதுக்கியும் கொடுக்கக் கூடாது. ஆனால் லாபி செய்யும் ஓர் அறநிலையத்துக்குப் பொது ஆதரவாகக் கொடுக்கலாம். ஆகவே "அறக்கட்டளை லாபிக்குப் பணம் கொடுத்தது" என்பது சட்டமீறல் குற்றச்சாட்டு. "லாபியும் செய்யும் அமைப்புக்குப் பொது ஆதரவு கொடுத்தது" என்பது ஆவணம் சொல்லும் உண்மை. இரண்டுக்கும் உள்ள தூரத்தைக் காப்பாற்றுங்கள்.

கூட்டரசு அளவிலான லாபிக்கு 1995ஆம் ஆண்டு லாபி வெளிப்படுத்தல் சட்டம். காலாண்டுக்கு ஒரு முறை எல்.டி.-2 அறிக்கை, ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி 20ஆம் தேதிகளில் கெடு. கல்விக்கு இ.டி.யு. என்ற குறியீடு உண்டு; அதை வைத்து வடிகட்டலாம். ஒரு பொறி இருக்கிறது: அறநிலையங்கள் விரும்பினால் இந்த அறிக்கையில் வரிச் சட்டத்தின் வரையறையைப் பயன்படுத்தலாம். அப்படிச் செய்பவரின் தொகையில் மாநில அளவிலான லாபியும் அடங்கும், செய்யாதவரின் தொகையில் அடங்காது. படிவத்தில் எந்த முறைக்குக் குறியிடப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் இரண்டு அமைப்புகளை ஒப்பிடாதீர்கள்.

அமெரிக்காவில் பள்ளிக் கல்வி பெரும்பாலும் மாநிலச் சட்டத்தால் ஆளப்படுகிறது. சார்ட்டர் வரம்பு, வவுச்சர் எல்லாம் மாநிலத் தலைநகரங்களில் முடிவாகின்றன. கலிஃபோர்னியாவுக்கு கால்-ஆக்செஸ், டெக்சாஸுக்கு எத்திக்ஸ் கமிஷன் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு. வாஷிங்டன் பதிவேட்டில் ஒன்றுமில்லை என்பதால் வேலை முடிந்துவிடாது, அங்கிருந்துதான் தொடங்குகிறது.

6. தேர்தல், வாக்கெடுப்புப் பணம்: மாசசூசெட்ஸ் 2016

இதுவரை சொன்ன எல்லாம் ஒரே இடத்தில் கூடிவந்த நிகழ்வு இது. இதை ஒரு முறை பதிவேடுகளில் நீங்களே நடந்து பார்த்தால் மற்றவை எளிதாகும்.

2016 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இரண்டாம் கேள்வி வாக்கெடுப்புக்கு வந்தது. ஆண்டுக்கு 12 வரை புதிய சார்ட்டர் பள்ளிகளுக்கோ விரிவாக்கங்களுக்கோ அனுமதிக்கலாமா என்பதே கேள்வி. ஆதரவுக் குழுக்களில் பெரியது கிரேட் ஸ்கூல்ஸ் மாசசூசெட்ஸ். மாநிலத் தேர்தல் நிதி அலுவலகத்தின் பதிவேட்டில் அதன் கொடையாளர் பட்டியலைத் திறந்தால், ஃபேமிலிஸ் ஃபார் எக்ஸலன்ட் ஸ்கூல்ஸ் அட்வகசி என்ற நியூயார்க் (சி)(4) அமைப்பின் பெயர் மீண்டும் மீண்டும் வரும். ஜூலைக்கும் வாக்கெடுப்பு நாளுக்கும் இடையில் அது கொடுத்தது 1.5 கோடி டாலருக்கு மேல். அதற்குக் கொடுத்தவர்கள் யார் என்று வாக்களிக்கப் போன மக்களுக்குத் தெரியாது.

இங்கே 2ஆம் படியைப் பொருத்துங்கள்: அதே பெயரில் ஓர் அறநிலையம் உண்டு. 3ஆம் படி: அந்த அறநிலையத்துக்கு வால்டன் குடும்ப அறக்கட்டளை பல ஆண்டுகள் மானியம் கொடுத்தது அதன் படிவங்களில் இருக்கிறது. அறக்கட்டளை வாக்கெடுப்புக் குழுவுக்கு நேரே கொடுக்க முடியாது. ஆனால் குடும்பத்தினர் தனிநபர்களாகக் கொடுத்தார்கள்: ஜிம் வால்டன் 11.25 லட்சம் டாலர், ஆலிஸ் வால்டன் 7.1 லட்சம் டாலர், வேறு வேறு ஆதரவுக் குழுக்களுக்கு. அறக்கட்டளையின் படிவத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்தப் பணம் கண்ணில் படாது. தனிநபர் பெயரையும் மாநிலப் பதிவேட்டில் தேட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

வாக்கெடுப்பில் 62 சதவீதம் பேர் மறுத்தார்கள். கொடுத்தவர் பெயரை மறைத்தது தொடர்பாக, 2017 செப்டம்பரில் அந்த (சி)(4) அமைப்புக்கும் தேர்தல் நிதி அலுவலகத்துக்கும் உடன்பாடு ஏற்பட்டது: அமைப்பு 4,26,466 டாலர் கட்டியது, கொடுத்தவர்களின் பெயர்களை வெளியிட்டது, அதன் தாய் அமைப்பான அறநிலையம் நான்கு ஆண்டுகள் அந்த மாநிலத்தில் தேர்தல் தொடர்பான வேலையில் இறங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டது. வெளியான பட்டியலில் மாநிலக் கல்வி வாரியத்தின் தலைவராக இருந்த பால் சேகனின் பெயர் 4,96,000 டாலரோடு இருந்தது. சார்ட்டர் பள்ளிகளுக்கு அனுமதி தரும் வாரியம் அது. மக்கள் வாக்களிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி பத்து மாதம் கழித்து வந்தது.

இதிலிருந்து ஒரு செய்முறை: மாநில அலுவலகத்தின் உடன்பாடுகள், அபராத உத்தரவுகள் பகுதியை எப்போதும் தனியாகத் தேடுங்கள். சாதாரணப் படிவங்கள் தராத பெயர்கள் அங்கேதான் வரும். ஒஹையோவில் 2008ல் ஆல் சில்ட்ரன் மேட்டர் என்ற பள்ளித் தேர்வுரிமை அமைப்புக்கு, வேறு மாநிலக் குழுவிலிருந்து பணம் மாற்றியதற்காக 52 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டதும் இத்தகைய உத்தரவில்தான் விரிவாகப் பதிவாகியது.

கால இடைவெளியையும் கணக்கில் வையுங்கள். 990 படிவம் நிதியாண்டு முடிந்த ஐந்தாம் மாதம் 15ஆம் தேதி வர வேண்டும். ஆறு மாத நீட்டிப்பு எளிதில் கிடைக்கும். டிசம்பரில் முடியும் ஆண்டின் கணக்கு அடுத்த நவம்பர் வரை வராமல் இருக்கலாம். நடப்புத் தேர்தலுக்கு 990ஐ நம்ப முடியாது. மாநிலப் பதிவேடு ஒன்றே கதி.

7. நிறுவனத்தின் ஆதாயம் எங்கே என்று தனியாகக் காட்டுங்கள்

கார்ப்பரேட் பணம் என்ற சொல்லை எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். வால்டன் குடும்ப அறக்கட்டளை வேறு, வால்மார்ட் கம்பெனியின் அறக்கட்டளை வேறு. கேட்ஸ் அறக்கட்டளை மைக்ரோசாஃப்ட் அல்ல. குடும்பச் செல்வம், கம்பெனி அறக்கட்டளை, கம்பெனியே நேரில் கொடுப்பது ஆகிய மூன்றையும் விரிதாளில் மூன்று நிறத்தில் வையுங்கள். மூன்றின் நோக்கங்களும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

கம்பெனிக்கு நேரடி ஆதாயம் உண்டா என்று பார்க்க, பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தின் 10-கே ஆண்டறிக்கையில் 'அபாயக் காரணிகள்' பகுதியைப் படியுங்கள். எந்தச் சட்டம் வந்தால் வருமானம் குறையும் என்று நிறுவனமே முதலீட்டாளர்களிடம் எழுத்தில் சொல்லும் இடம் அது. இணையவழிப் பள்ளிகளை நடத்தும் கே12 நிறுவனம் (2020 முதல் ஸ்டிரைட்) இதற்கு நல்ல பாடம். அந்நிறுவனமும், அதே தொழிலில் உள்ள கனெக்ஷன்ஸ் அகாடமியும், மாதிரிச் சட்ட வரைவுகள் தயாரிக்கும் ஏலெக் அமைப்பின் கல்விக் குழுவில் உறுப்பினராக இருந்தன. அந்த அமைப்பின் வரைவுகளில் இணையவழிப் பொதுப்பள்ளிச் சட்டமும் ஒன்று. 2011ல் வெளியான ஏலெக் ஆவணங்களை வைத்து, மாதிரி வரைவையும் உங்கள் மாநிலச் சட்டமுன்வரைவையும் வரிக்கு வரி ஒப்பிடலாம். பொதுவான நோக்க உரையை விட்டுவிட்டு, வரையறைகளையும் நிதிப் பங்கீட்டு விதிகளையும் ஒப்பிடுங்கள். நகலெடுத்தது அங்கேதான் தெரியும்.

கம்பெனி அறக்கட்டளை கம்பெனியின் விற்பனைக்கு உழைத்ததாக அரசே சொன்ன வழக்கும் உண்டு. நியூயார்க் தலைமை வழக்கறிஞரின் விசாரணைக்குப் பின், 2013 டிசம்பரில், பாடநூலும் தேர்வும் விற்கும் பியர்சன் நிறுவனத்தின் அறக்கட்டளை 77 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கல்வி அதிகாரிகளின் வெளிநாட்டுப் பயணச் செலவை அது ஏற்றதும் அந்த விசாரணையில் வந்தது. தடம் தேடும்போது பயணம், மாநாடு, விருது என்ற தலைப்புகளில் வரும் சிறு தொகைகளைத் தள்ளிவிட வேண்டாம்.

8. அதிகாரிகளின் கடிதப் போக்குவரத்தைக் கேளுங்கள்

தனியார் அமைப்பிடம் மின்னஞ்சலைக் கேட்க முடியாது. அது எழுதிய அரசு அதிகாரியிடம் கேட்கலாம். ஒவ்வொரு மாநிலத்திலும் பொதுப்பதிவேட்டுச் சட்டம் இருக்கிறது. கூட்டரசுத் துறைகளுக்குத் தகவல் சுதந்திரச் சட்டம், 20 வேலை நாள் கெடு. ஃபுளோரிடாவின் முன்னாள் ஆளுநர் ஜெப் புஷ் தொடங்கிய கல்வி அறக்கட்டளைக்கும் பல மாநிலக் கல்வி அதிகாரிகளுக்கும் இடையிலான மின்னஞ்சல்கள் 2013 ஜனவரியில் இந்த வழியில்தான் வெளிவந்தன.

"கல்விச் சீர்திருத்தம் பற்றிய எல்லா மின்னஞ்சலும்" என்று கேட்டால், அலுவலகம் ஆயிரக்கணக்கில் கட்டணம் சொல்லும், அல்லது தெளிவில்லை என்று திருப்பிவிடும். மூன்று அதிகாரிகளின் பதவி, அமைப்பின் மின்னஞ்சல் முகவரியில் 'அட்' குறிக்குப் பின் வரும் பகுதி, ஆறு மாதத்துக்கு மேற்படாத காலம், சட்டமுன்வரைவின் எண் ஆகிய நான்கையும் எழுதிக் கேளுங்கள். பணத் தடத்தை முதலில் முடிக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்: எந்த அமைப்பு, எந்த மாதம் என்று தெரிந்த பிறகுதான் இவ்வளவு குறுக்கிக் கேட்க முடியும்.

9. எதிர்த்தரப்பையும் அதே முறையில் பாருங்கள்

ஆசிரியர் சங்கங்களும் பெரும் பணம் செலவிடுகின்றன. மாசசூசெட்ஸில் மறுப்புப் பிரசாரத்தின் செலவைப் பெரும்பாலும் சங்கங்களே ஏற்றன. தேசிய அளவிலான சங்கங்கள் தொழிலாளர் துறையில் எல்.எம்.-2 என்ற ஆண்டு நிதியறிக்கை தாக்கல் செய்கின்றன. அரசியல், லாபிச் செலவுக்கும் நன்கொடைகளுக்கும் அதில் தனித்தனி அட்டவணை உண்டு. 5,000 டாலரும் அதற்கு மேலும் போனால் பெறுபவர் பெயர் வர வேண்டும். அவர்கள் பணம் உறுப்பினர் சந்தா என்பது தெரிந்த செய்தி. எங்கே போகிறது என்பதும் தெரிகிறது. ஒரு தரப்பை மட்டும் பார்த்து எழுதிய கட்டுரையை மறுதரப்பு ஒரே கேள்வியில் கவிழ்த்துவிடும்.

10. எழுதும் முன் கடைசிச் சோதனை

விரிதாளில் "ஊகம்" என்று குறித்த வரிகளை வடிகட்டி நீக்குங்கள். மீதி உள்ளதை வைத்தே கட்டுரை நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் கட்டுரைக்கு இன்னும் நேரம் வரவில்லை.

பணம் வந்ததற்கும் முடிவை வாங்கியதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது. ஒரே கருத்துள்ளவர்களுக்கு நன்கொடையாளர் பணம் கொடுத்திருக்கலாம். "பணத்தால் நிலைப்பாடு மாறியது" என்று சொல்ல, மானியத்துக்கு முன்னும் பின்னும் அமைப்பு எடுத்த நிலைப்பாடுகளைத் தேதியோடு காட்ட வேண்டும். பல ஆண்டுத் தொகையைச் சொல்லும்போது, அது அமைப்பின் மொத்த வரவில் எத்தனை சதவீதம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். 50 லட்சம் டாலர் என்பது ஓர் அமைப்புக்கு முழு உயிர், இன்னொன்றுக்கு ஒரு மாதச் செலவு.

அமைப்புக்கும் நன்கொடையாளருக்கும் எண்களை அனுப்பி, பதில் சொல்ல ஒரு வாரமாவது கொடுங்கள். "அந்த மானியம் திருப்பி அளிக்கப்பட்டது", "அது வேறு திட்டத்துக்கு" என்ற பதில் சில நேரம் உண்மையாகவே இருக்கும். அடுத்த ஆண்டுப் படிவத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

பார்த்த ஒவ்வொரு படிவத்தையும் பதிவிறக்கி, எண்ணும் நிதியாண்டும் கோப்புப் பெயரில் வருமாறு சேமியுங்கள். அமைப்புகள் திருத்தப்பட்ட படிவங்களைத் தாக்கல் செய்வதுண்டு. அப்போது தொகை மாறும். படிவத்தின் முதல் பக்கத்தில் 'திருத்தப்பட்டது' என்ற கட்டத்தில் குறி இருக்கும். எந்தத் தேதியில் எந்த வடிவத்தைப் படித்தீர்கள் என்பதையும் விரிதாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.